இரு முனைகளும் ஒரே கணமும்

மின்சாரம் தடைப்பட்டால் எப்போது வரும் என்றே கேட்கிறோம். பழுது எங்கே என்று கேட்பதில்லை. முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் இரண்டாவதற்குள் ஒளிந்திருக்கிறது. 300 கிலோமீட்டர் நீளமுள்ள உயரழுத்த மின்தடத்தில் பழுதின் இடத்தைக் கணிப்பதில் ஒரு விழுக்காடு பிசகினாலும் 3 கிலோமீட்டர் தவறிவிடும். ஏறத்தாழ எட்டுக் கோபுரங்கள். மழை இரவில் காட்டுவழியே கோபுரம் கோபுரமாக நடக்கும் ஊழியருக்கு அந்த எட்டின் பொருள் நன்றாகத் தெரியும்.

நெடுங்காலமாக இக்கணிப்பு தடத்தின் ஒரு முனையிலிருந்தே செய்யப்பட்டு வந்தது. பழுது நேர்ந்த கணத்தின் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, கிடைக்கும் மின்மறுப்பைக் கொண்டு தொலைவை மதிப்பிடுவார்கள். மரக்கிளை வழியாகவோ வறண்ட மண் வழியாகவோ மின்சாரம் தரையிறங்கினால் அவற்றின் தடையும் கணக்கில் புகுந்துவிடும். மறுமுனையும் அதே பழுதுக்கு மின்னோட்டத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். இம்முனைக்கு அது தெரியாது. பாதி வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு எழுதுவது போன்றது இது.

இரு முனைகளிலும் ஒரே கணத்தில் அளந்தால் நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு முனையிலிருந்தும் தடத்தின் எப்புள்ளியிலும் மின்னழுத்தம் என்னவாக இருக்கும் என்று கணக்கிடலாம். இரண்டு கணக்குகளும் ஒத்துப்போகும் புள்ளியே பழுதுற்ற இடம். கிளையின் தடை எவ்வளவு என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. ஆனால் ‘ஒரே கணம்’ என்பது எளிய சொல்லன்று. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கடிகாரங்கள் ஒரு மில்லிநொடி விலகினால், அலையின் கோணத்தில் 18 பாகை பிழை சேரும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தரும் நேரமே இப்பிழையை மைக்ரோநொடி அளவுக்குச் சுருக்கியது. அதை அடிப்படையாகக் கொண்ட முதல் ஃபேசர் அளவீட்டுக் கருவியை, காரக்பூர் ஐஐடியில் பயின்ற அருண் ஃபட்கேயும் ஜேம்ஸ் தார்ப்பும் 1988-இல் வர்ஜீனியா டெக்கில் உருவாக்கினர்.

கடிகாரங்கள் ஒத்துப்போகாவிடில் என்ன நேரும் என்பதை 2003 ஆகஸ்ட் 14 காட்டியது. அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினர். ஒஹாயோவில் மரங்களில் உரசிய 345 கிலோவோல்ட் தடங்கள் அடுத்தடுத்து அறுபட்டதே தொடக்கம். அவற்றில் ஒன்றான ஸ்டார்–சவுத் கேன்டன் தடத்தின் இரு முனைகளும் இரு வேறு நிறுவனங்களுடையவை. விசாரித்தவர்கள், பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமையால், எது முதலில் நிகழ்ந்தது என்று வரிசைப்படுத்தவே பெரும்பாடுபட்டனர். நேரம் ஒத்த பதிவுக் கருவிகள் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது அவர்களுடைய பரிந்துரைகளுள் ஒன்று.

கடிகாரங்களை ஒத்திசைப்பது இன்று கடினமன்று. இந்தியா உட்படப் பல நாடுகளின் மின்வலைகளில் ஃபேசர் கருவிகள் இயங்குகின்றன. ஆயினும் கருவியை நிறுவிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவதை நாம் ஏற்கவில்லை. நொடிக்கு 25 அளவுகள் அனுப்பும் கருவி, 100 மில்லிநொடியில் விலக்கப்படும் பழுதைப் பற்றி இரண்டு மூன்று அளவுகளே தரும். கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு அது போதும். கோபுரத்தைக் கண்டுபிடிக்கப் போதாது. அதற்குத் துணைமின் நிலையங்களில் நுண்ணிய இடைவெளியில் பதிவாகும் அலைவடிவங்கள் வேண்டும். அவை இரு முனைகளிலிருந்தும் சில நிமிடங்களில் ஓரிடத்தில் சேர வேண்டும். முனைகள் இரு நிறுவனங்களுக்கோ இரு மாநிலங்களுக்கோ உரியவையாக இருக்கும்போது, தடை தொழில்நுட்பத்தில் இல்லை. பதிவைக் கொடுத்தால் பழி நம்மேல் விழுமோ என்ற அச்சத்தில் இருக்கிறது.

செயற்கைக்கோள் குறிப்பு தடைப்படலாம், மாற்றுக் கடிகாரம் செலவு மிக்கது என்பார்கள். உண்மைதான். ஆனால் பதிவைப் பகிர்வதற்கு அத்தகைய செலவில்லை. பழுது கண்டறியப்பட்ட கோபுரத்தின் எண்ணையும் கணிப்போடு ஒப்பிட்டு எழுதி வைத்தால், தடத்தைப் பற்றிய நம் கணக்கும் திருந்தும். இவை இரண்டையும் விதியாக்க வேண்டும் என்பது நம் கருத்து. பிழை தன் எல்லைக்குள் இல்லை என்று இரு முனைகளும் தனித்தனியே நிறுவிக்கொண்டிருக்கும் வரை, நடுவில் எங்கோ ஒருவர் டார்ச் விளக்கோடு நடந்துகொண்டுதான் இருப்பார்.