கூன்வண்டும் வாசனைப் பொறியும்

தென்னந்தண்டைக் குடைந்து உண்ணும் சிவப்புக் கூன்வண்டுப் புழுவின் சேதம் வெளியே தெரியும்போது, மரம் பெரும்பாலும் காப்பாற்றும் நிலையைக் கடந்திருக்கும். ஆகையால் வண்டு மரத்தை அடையுமுன் மறிப்பதே தக்கது. அதற்கு உதவுவது அதன் மோப்பம். மட்டை வெட்டிய காயத்திலும், காண்டாமிருக வண்டு துளைத்த இடத்திலும் சாறு புளித்தெழும் வாசனை அதனை அழைக்கிறது. ஆண் வண்டு வெளியிடும் மணமோ இரு பாலையும் ஒருங்கே ஈர்க்கும். அப்பொருள் இன்னதென விஞ்ஞானிகள் 1993-இல் வெளியிட்டனர். இன்று அது வில்லையாக விற்கப்படுகிறது.

ஆய்வுக்கூடத்தில் கவைக்கொம்பு போன்ற கண்ணாடிக் குழாயின் ஒரு கிளையில் வாசனையும், மற்றதில் வெறுங்காற்றும் செலுத்தி, அடியில் விட்ட வண்டு எதனை நாடுகிறதெனக் கணக்கிடுகின்றனர். கிளைகளை இடையிடையே மாற்றுவர்; இன்றேல் வண்டு நாடியது வாசனையையா, வெளிச்சத்தையா என்பது விளங்காது. உணர்கொம்பில் எழும் மின்துடிப்பை அளப்பதும் உண்டு. ஆனால் துடிப்பு, வண்டு மணத்தை உணர்ந்ததென்று மட்டுமே கூறும். விரும்பியதா, வெறுத்ததா என்று கூறாது. குழாயில் விரும்பியதும் தோப்பின் காற்றிலும் வெயிலிலும் பயனற்றுப் போகலாம்.

ஆகவே, விற்பனையாளர் சொல்லை மட்டும் நம்பிச் சங்கங்கள் வில்லைகளை வாங்குவது முறையன்று என்பது நம் கருத்து. நூலின் நம்பரையும் முறுக்கையும் பாராமல் சிட்டம் வாங்கும் நெசவாளர் உண்டோ? நான்கு வாளிகளில் நீர் ஊற்றி, ஒன்றை வெறுமையாக விட்டு, ஒன்றில் வில்லையும், ஒன்றில் புளித்த மட்டைத் துண்டுகளும், ஒன்றில் இரண்டும் இட்டு, வாரந்தோறும் இடம் மாற்றி, அகப்பட்ட வண்டுகளை எண்ணிக் குறித்தால் உண்மை வெளியாகும். இரண்டும் சேர்ந்த பொறியே மிகுதியாகப் பிடிப்பதாகப் பல நாடுகளில் கண்டுள்ளனர். இரை காய்ந்தாலும் நீர் வற்றினாலும் அப்பலன் குன்றும்.

இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. வாசனை கேட்டு வரும் வண்டுகள் யாவும் பொறியில் வீழ்வதில்லை. சில பக்கத்து மரத்தில் இறங்கிவிடும். இளந்தென்னைகளின் நடுவே பொறி வைத்தவர், ஊரார் வண்டுகளுக்கெல்லாம் விருந்து வைத்தவராவார். வேலியோரம் வைத்தாலோ விருந்து அயலார் தலையில்! தனித்தனியே செய்யத் தகாத காரியம் இது. ஹெக்டேருக்கு ஒன்றாக, இளமரங்களுக்கு விலகி, ஊர் முழுவதற்கும் சங்கமே பொறி வைத்து, இரை மாற்ற ஓர் ஆளையும் நியமிக்கவேண்டும். பச்சை மட்டையைத் தண்டிலிருந்து 4 அடி விட்டே வெட்டுவதென அங்கத்தினர் அனைவரும் உடன்படவேண்டும். செலவை மரக்கணக்குப்படி பகிர்வதற்கான தீர்மானத்தை அடுத்த பொதுக்கூட்டத்தில் கொண்டுவருமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.