காலுக்குக் கீழே ‘கிரீச்’!



காலையில ஏழே கால். ராஜகுளம் ஸ்டாப்ல காலேஜ் பஸ் ஏறி, பின் படிக்கட்டைத் தாண்டிக் காலை வெச்சா ‘கிரீச்’! பலகை அரை அங்குலம் கீழே போய், திரும்ப மேலே வரும். எங்க கேங் அந்த இடத்துக்கு வெச்ச பேரு ‘டான்ஸ் ஃப்ளோர்’. ஃபர்ஸ்ட் இயர் பசங்களை அங்கே நிக்க வெச்சுக் குதிக்கச் சொல்லிச் சிரிப்போம். (இப்ப நினைச்சா கூச்சமா இருக்கு.)

சிரிப்பை நிறுத்தினது கிளாஸ்ல இருக்கிற கரூர் பையன். பஸ் பாடி கட்டுற ஊராச்சே! அவன் மாமாவும் ஒரு பட்டறையிலதான் இருக்கார். ஒருநாள் நம்ம பஸ்ல வந்தவன், குதிகாலால ரெண்டு அழுத்து அழுத்திப் பார்த்துட்டு, “மாப்ளே, இது ஸ்க்ரூ லூஸ் இல்லடா. ப்ளைவுட் ஊறிப் போச்சு”ன்னான்.

மேட்டர் இதுதான். சேஸிஸ் மேல குறுக்கே இரும்புச் சட்டம், அது மேல ப்ளைவுட், அதுக்கு மேல மேட். மழையில நனைஞ்ச செருப்பு, பஸ் கழுவுற தண்ணி எல்லாம் மேட்டோட ஓரத்துல இறங்கும். ஏறினது வெளியே வர வழியில்லை. ப்ளைவுட் அடுக்கடுக்கா பிரிஞ்சு, ஸ்க்ரூ ஓட்டை பெருசாகி, மரமும் இரும்பும் உரசும். அந்த உரசல்தான் ‘கிரீச்’. ஹீரோ ஓய்வெடுக்கிற கேரவனா இருந்தாலும், தண்ணி இறங்கினா இதே கதைதான்!

நாலு ஸ்க்ரூ கூடுதலா முடுக்கினா சத்தம் ஒரு வாரம் நிக்கும், அவ்வளவுதான். ஊறின மரம் ஸ்க்ரூவைப் பிடிக்காது. மேலே தகரம் அடிக்கிறது அதைவிட மோசம். ஓட்டை கண்ணுக்கே தெரியாம போயிடும். மேட்டை உரிச்சு, கீழே சட்டம் துருப்பிடிச்சிருக்கான்னு பார்த்து, நல்ல மரம் வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, 72 மணி நேரம் கொதிநீர்ல போட்டாலும் பிரியாத மரைன் ப்ளைவுட் போடணும். வெட்டின விளிம்புக்கு சீலன்ட் பூசுறது முக்கியம். தண்ணி முதல்ல நுழையுறது அங்கேதான்.

இதுக்கு ஏன் இவ்வளவு பில்டப்னு கேட்கறீங்களா? 2012 ஜூலை 25. தாம்பரம் பக்கத்துல ஸ்கூல் பஸ்ஸோட தரையில இருந்த ஓட்டை வழியா ரெண்டாங்கிளாஸ் குழந்தை விழுந்து, சக்கரத்துல சிக்கி இறந்து போச்சு. அந்த பஸ்ஸுக்கு எஃப்.சி. இருந்தது. ஐகோர்ட் தானாவே வழக்கை எடுத்தது. அதே வருஷம் ஸ்கூல் பஸ்ஸுக்குன்னு தனி விதிகள் வந்தது. ஆனா 2024 பிப்ரவரியில சென்னை அமைந்தகரை பக்கத்துல, ஓடுற மாநகர பஸ்ல இறங்க எழுந்த ஒரு அம்மா, பலகை உடைஞ்சு உள்ளே போயிட்டாங்க. பக்கத்துல இருந்தவங்க தூக்கினதால உயிர் தப்பினாங்க.

நாங்க டிரைவர் அண்ணன்கிட்ட சொன்னோம். “நான் சொல்லி மூணு மாசமாச்சு தம்பி, நீங்க எழுதிக் கொடுங்க”ன்னார். பஸ் நம்பர், எந்த சீட்டுக்குப் பக்கம், எத்தனை விரல் அமுங்குதுன்னு எழுதி, முப்பத்தேழு பேர் கையெழுத்து போட்டு ஆபீஸ்ல கொடுத்தோம். முதல் வாரம் வந்தது தகரம்! திரும்பவும் எழுதினோம். அடுத்த வாரம் பஸ் பட்டறைக்குப் போச்சு. மேட்டை உரிச்சப்ப ப்ளைவுட் ஈரமான கேக் மாதிரி கையோட வந்துச்சுன்னு டிரைவர் அண்ணன் சொன்னார்.

இப்ப அந்த இடத்துல சத்தமே இல்லை. ஆனா முன் சக்கரத்துக்கு மேலே, மூணாவது சீட் பக்கம் லேசா ஒரு ‘கிரீச்’. அடுத்த லெட்டர் ரெடி!