மனம் புண்பட்டால் சட்டமா?

2006-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் 'டாவின்சி கோடு' திரைப்படத்திற்குத் தமிழக அரசு தடை விதித்தபோது, இறைமக்கள் பலர் மகிழ்ந்தனர். ஆவடிப் பக்கம் ஒரு பங்கில் அப்போது நாம் உதவிப் பங்குத்தந்தை. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் மேசை போட்டு, தடை கேட்டுக் கையெழுத்து வாங்கியவர்களில் நாமும் ஒருவர். படத்தைப் பார்த்தவர் எங்களில் யாருமில்லை!

ஜூலையிலேயே சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அத்தடையை நீக்கினார். தணிக்கைக் குழு சான்றளித்த படத்தை, எதிர்ப்பு வரும் என்று அஞ்சி அரசு நிறுத்தக்கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். அன்று நமக்கு அது கசந்தது.

பதினைந்து ஆண்டுகள் கழித்துக் காட்சி மாறியது. 2021 ஜூலை 18 அன்று குமரி மாவட்டம் அருமனையில் பேசிய பேச்சுக்காக அருட்பணி ஜார்ஜ் பொன்னையா கைது செய்யப்பட்டார். 2022 ஜனவரியில் மதுரைக் கிளை சில பிரிவுகளை நீக்கினாலும், சமய உணர்வைப் புண்படுத்தும் குற்றமான 295-ஏ பிரிவை நீக்க மறுத்தது. பகுத்தறிவாளரோ கலைஞரோ சமயத்தை விமர்சிப்பது வேறு, ஒரு சமயப் போதகர் பிற சமயத்தை இழித்துரைப்பது வேறு என்றது நீதிமன்றம். அந்தப் பேச்சை நாம் ஆதரிக்கவில்லை. பிறர் தாயாக வணங்குவதை ஏளனம் செய்வது குருவுக்கு அழகல்ல. ஆனால் அழகற்ற பேச்சுக்குச் சிறைதான் மருந்தா?

லாகூரில் வெளியான ஒரு நூலால் எழுந்த கொந்தளிப்பை அடக்க, 1927-இல் ஆங்கிலேய அரசு சேர்த்த பிரிவு இது. மூன்றாண்டு வரை சிறை. பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். 'வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்' என்ற சொற்கள் சட்டத்தில் உண்டு. ஆனால் அந்த நோக்கம் இருந்ததா என்று நீதிமன்றம் ஆராய்வதற்குள் கைதானவர் சிறையைப் பார்த்துவிடுகிறார். 2024 ஜூலை முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவு. எண்தான் மாறியிருக்கிறது.

அதே ஆங்கிலேயச் சட்டத்தைப் பெற்ற பாகிஸ்தான், 1986-இல் 295-சி என்று ஒன்றைச் சேர்த்து மரண தண்டனை வரை போனது. ஆசியா பீபி 2009-இல் கைதாகி, 2018-இல்தான் விடுதலையானார். அவருக்காகப் பரிந்து பேசிய ஆளுநர் சல்மான் தசீரும், அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் 2011-இல் கொல்லப்பட்டார்கள். ஆசியா பீபிக்காக நாம் செபமாலை சொன்னோம். அப்போதுகூட கோயில் வாசலில் போட்ட அந்த மேசை நினைவுக்கு வரவில்லை.

நம் ஆண்டவர்மீது கயபா சுமத்திய குற்றமும் தெய்வ நிந்தனைதானே? ஸ்தேவான்மீதும் அதுவே. வன்முறையைத் தூண்டும் பேச்சைத் தடுக்கச் சட்டம் வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. புண்பட்டோம் என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பக் கேட்பதுதான் உறுத்துகிறது.

சென்ற தவக்காலத்தில் பங்கு இளைஞர்கள் கைப்பேசியில் ஒரு காணொலியைக் காட்டினார்கள். அன்னை மரியாவை மிகக் கேவலமாகப் பேசும் காணொலி. "ஃபாதர், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம், நீங்க முதல்ல கையெழுத்துப் போடுங்க" என்று மனுவோடு நின்றார்கள். நமக்கும் நெஞ்சு எரிந்தது. ஆனாலும் கையெழுத்திடவில்லை. அவர்களில் இரண்டு பேர் இன்னும் நம்மிடம் சரியாகப் பேசுவதில்லை.