மாணவர் பக்கம்: கேட்கத் தயங்கற்க

பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்பதற்குப் பலர் இருந்தனர். வீட்டுப்பாடம் எழுதினாயா என்று ஆசிரியர் கேட்டார். தேர்வு எப்படி என்று அன்னை கேட்டார். ஒரு நாள் பள்ளிக்குச் செல்லாவிடில் வீட்டிற்குச் செய்தி வந்தது. கல்லூரி வாயிலைக் கடந்ததும் இக்கேள்விகள் யாவும் நின்றுவிடுகின்றன. விரிவுரையாளர் வருவார், பாடம் நடத்துவார், செல்வார். விளங்கிற்றா என ஒவ்வொருவரையும் வினவ அவருக்கு நேரம் இராது. இதனை விடுதலை எனக் கருதி மகிழ்வோர் பலர். கேட்பார் இல்லாத இடத்தில் நாமே கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உணர்வோர் சிலரே. முதலாண்டு வகுப்பில் அடியெடுத்து வைக்கும் தம்பி தங்கையர்க்கு நாம் சொல்ல விரும்புவது இவ்வொன்றே.

முதலில் கேட்டறிய வேண்டியது மதிப்பெண் கணக்கு. தில்லிப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தின்படி ஒரு பருவத்திற்கு 22 கிரெடிட்டுகள். மூன்றாண்டுப் பட்டத்திற்கு 132. நான்காண்டுப் பட்டத்திற்கு 176. விரிவுரையோடு டுட்டோரியல் வகுப்பும் உடைய ஒரு தாளுக்கு மொத்தம் 160 மதிப்பெண்கள். அவற்றுள் பருவ இறுதித் தேர்வுக்கு உரியவை 90 மட்டுமே. எஞ்சிய 70 மதிப்பெண்களும் வகுப்புத் தேர்வு, கட்டுரை, டுட்டோரியல் பணி முதலியவற்றால், தேர்வுக் கூடத்தில் நுழையுமுன்னரே முடிவாகிவிடுகின்றன. பள்ளியிற் செய்ததுபோல் கடைசி மாதத்தில் கண்விழித்துப் படித்து ஈடுகட்டலாம் என்றிருப்பவர், நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பங்கைக் கைநழுவ விட்ட பின்னரே விழித்துக்கொள்கிறார். வருகையும் மூன்றில் இரு பங்கேனும் இருத்தல் வேண்டும். இவற்றை முதல் வாரத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்க.

இனி, ஆசிரியரைக் கேட்பது. "ஒன்றும் விளங்கவில்லை ஐயா" என்று சொல்வது கேள்வியாகாது. அதற்கு எந்த ஆசிரியரும் விடை சொல்ல இயலாது. அன்று எடுத்த குறிப்பை அன்று மாலையே அரைமணி நேரம் படிக்க வேண்டும். விளங்காத வரியின் ஓரத்தில் ஒரு கோடு இட வேண்டும். பாடநூலின் அப்பகுதியை ஒருமுறை புரட்டிய பிறகும் அக்கோடு அழியாவிடில், அதுவே கேட்கத் தக்க கேள்வி. "இவ்விடம் வரை தொடர்ந்து வந்தேன், இந்த அடியிலிருந்து அந்த அடிக்கு எப்படிச் சென்றீர்கள் என்பது தெரியவில்லை" என்று கேட்கும் மாணவரை விரும்பாத ஆசிரியர் அரியர். டுட்டோரியல் வகுப்பில் மாணவர் தொகை குறைவு. அது ஏற்பட்டதே இதற்காகத்தான். அங்கும் வாய் திறவாதவர் பிறகு திறப்பது கடினம்.

வாய் திறவாமைக்குப் பெரும்பாலும் காரணம் மொழியச்சம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாகத் தில்லிக்கு வந்தவர்க்கு இந்தி தடை. தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் நம்மவர் சூழப் பயின்றவர்க்கும், நூறு முகங்களுக்கு முன் ஆங்கிலத்தில் எழுந்து பேசுவது தடை. இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. கேள்வியை முதலில் தாளில் எழுதிக்கொள்க. எழுதியதைப் பார்த்தே கேட்க. நாலைந்து முறை இவ்வாறு செய்தால் தாள் தேவைப்படாது. இலக்கணப் பிழைக்காக ஒருவரும் மதிப்பெண் குறைப்பதில்லை; கேளாது விட்ட பாடமோ தேர்வில் தவறாது குறைக்கும்.

இந்நாளில் ஆசிரியரை விடுத்துச் செயற்கை அறிவுக் கருவியைக் கேட்போர் பெருகியுள்ளனர். ஐயம் தெளிய அதனை நாடுவது குற்றமன்று. ஆயின் அது தவற்றையும் உறுதியான குரலிலேயே சொல்லும் என்பதை மறவற்க. கட்டுரையையே அதனிடம் எழுதி வாங்கித் தருபவர், அதைப் பற்றி ஆசிரியர் ஒரு வினா எழுப்பியதும் திகைத்து நிற்கிறார்.

மூத்த மாணவரிடமும் கேட்க வேண்டியவை உள. பழைய வினாத்தாள்கள் எங்குக் கிடைக்கும், எந்தத் தாளுக்கு எந்நூல் ஏற்றது என்பவற்றை அவர்களே நன்கறிவர். முதலாண்டில் இரண்டு கிரெடிட் கொண்ட மொழித்தாள் ஒன்று உண்டு. அதற்குரிய இந்திய மொழிகளுள் தமிழும் ஒன்று. எல்லாக் கல்லூரிகளிலும் தமிழாசிரியர் இலர். ஆதலின் படிவம் நிரப்புமுன் விசாரிப்பது நன்று.

மூத்தவர் சிலர் அன்பை விடுத்து அதிகாரம் செய்ய முற்படின் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வகுத்த ராகிங் தடுப்பு விதிகளில் 2016ஆம் ஆண்டு ஒரு திருத்தம் சேர்ந்தது. பிறந்த பகுதி, பேசும் மொழி ஆகியவற்றைக் காட்டி ஒருவரை இழிவுபடுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங் என்றே அதன்படி கொள்ளப்படும். "மதராஸி" என்று ஏளனம் செய்து துன்புறுத்துவதும் இதில் அடங்கும் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். 1800-180-5522 என்னும் எண்ணில் இரவும் பகலும் முறையிடலாம்.

முடிவாகப் பெற்றோர்க்கு ஒரு சொல். பிழைப்பிற்காக ஊரை விட்டு வந்த குடும்பங்களில், பிள்ளையின் பட்டமே அத்தனை ஆண்டு உழைப்பின் பயன் என எண்ணுகிறோம். அந்த எண்ணத்தின் சுமை பிள்ளைக்குத் தெரியும். ஆகவேதான் முதற் பருவத்தில் ஒரு தாள் தவறினால் அதனை வீட்டில் மறைக்கிறது. மறைத்ததைக் காக்க அடுத்த பொய். பின்பு வகுப்பிற்கே செல்லாமை. தவறிய தாளை மீண்டும் எழுத வழியுண்டு. மறைத்த மனத்தின் தனிமைக்கு மருந்து எளிதன்று. "எத்தனை மதிப்பெண்?" என்பதோடு நில்லாமல், "எது கடினமாக இருக்கிறது?" என்றும் கேளுங்கள். சொல்லத் தொடங்கினால் இடைமறியாது கேளுங்கள். உறக்கமும் உணவும் குன்றி, பேச்சும் அற்றுப் போனால் தாமதம் வேண்டா. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் அரசு மனநல ஆலோசகர்கள் தமிழிலும் பேசுவர்.

வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவர் கருதியது கற்றோர் சொல்லைச் செவிமடுத்தல். நம் மொழியில் வினவுதலுக்கும் செவிமடுத்தலுக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது பொருத்தமே. பிள்ளைகள் வினவுக, பெற்றோர் செவிமடுக்க. புதிய மாணவர் அனைவர்க்கும் நம் வாழ்த்து.