மேனேஜருக்கு எதற்கு கோச்?

கோச்சிங் என்றதும் நினைவுக்கு வருவது சி.ஏ. தேர்வு, வங்கித் தேர்வு வகுப்புகள்தான். அறுபது பேர் உட்கார்ந்திருக்க, ஒருவர் போர்டில் எழுதிக்கொண்டே போவார். கம்பெனிகளில் இதே வார்த்தைக்கு அர்த்தம் வேறு. ஒரு மேனேஜர், எதிரே ஒரு கோச், மூடிய கதவு. அவ்வளவுதான். அங்கே பாடம் குறைவு, கேள்விகள் அதிகம்.

"இத்தனை வருட அனுபவம் உள்ளவருக்கு எதற்கு கோச்?" என்று பலர் கேட்பார்கள். எரிக் ஷ்மிட்டுக்கும் இதே சந்தேகம் வந்தது. 2001-ல் கூகுளின் சி.இ.ஓ. ஆனவர் அவர். பில் கேம்ப்பெல் என்பவரைக் கோச்சாக வைத்துக்கொள்ளும்படி, இயக்குநர் குழுவில் இருந்த ஜான் டோயர் அவரிடம் சொன்னார். ஷ்மிட்டுக்கு அது பிடிக்கவில்லை. தன் வேலையில் ஏதோ குறை கண்டுவிட்டார்களோ என்று நினைத்தார். ஆனால் தனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆலோசனை அதுதான் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். 2019-ல் வேறு இருவருடன் சேர்ந்து கேம்ப்பெல்லைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

இத்தனைக்கும் கேம்ப்பெல் கம்ப்யூட்டர் இன்ஜினீயர் இல்லை. 1970-களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். அந்த அணி ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம்! பிறகு ஆப்பிளில் வேலை பார்த்தார், இன்டியூட் நிறுவனத்தின் சி.இ.ஓ. ஆனார். ஸ்டீவ் ஜாப்ஸும் அவரிடம் ஆலோசனை கேட்டார். கேம்ப்பெல் 2016-ல் காலமானார். கூகுளின் மீட்டிங்குகளில் அவர் உட்கார்ந்து கவனிப்பார், பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார். தேடுபொறியைப் பற்றி அவர் சொல்லித்தர எதுவும் இல்லை. மனிதர்களை நடத்துவது பற்றிச் சொல்ல நிறைய இருந்தது.

இது ஏன் பலன் தருகிறது? பதவி உயர உயர, உண்மையைச் சொல்லும் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். கீழே இருப்பவருக்கு அப்ரைசல் பயம். சக மேனேஜர் அடுத்த பதவிக்குப் போட்டியாளர். மேலதிகாரிக்கு டார்கெட் கணக்கு மட்டும் போதும். "நேற்று மீட்டிங்கில் அந்தப் பையனை ஏன் பேசவே விடவில்லை?" என்று கேட்க ஆளே இல்லை. அந்த மேனேஜரால் எந்த லாபமும் நஷ்டமும் இல்லாத ஒருவர்தான் அதைக் கேட்க முடியும்.

வகுப்புப் பயிற்சி போதாதா என்றால், அமெரிக்காவில் 1997-ல் வெளியான ஓர் ஆய்வைப் பார்க்கலாம். ஓர் அரசுத்துறை அமைப்பில் 31 மேலாளர்களுக்கு முதலில் வகுப்பு நடந்தது. உற்பத்தித்திறன் 22.4 சதவீதம் உயர்ந்தது. அதோடு எட்டு வாரம் தனிநபர் கோச்சிங்கும் சேர்ந்தபோது உயர்வு 88 சதவீதம். ஒரே ஓர் அமைப்பு, 31 பேர்தான், அதனால் இந்த எண்ணை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. ஆனால் காரணம் புரிகிறது. "வேலையைப் பகிர்ந்து கொடு" என்று வகுப்பில் நோட்டு எடுத்தவர், திங்கட்கிழமை எல்லா ஃபைலையும் பழையபடி தன் மேஜைக்கே இழுத்துக்கொள்வார். அடுத்த வாரம் ஒருவர் வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்டால்தான் பழக்கம் மாறும்.

இதில் ஏமாற்றுக்கும் இடம் உண்டு. கோச் என்று விசிட்டிங் கார்டு அடிக்க எந்த லைசென்ஸும் தேவையில்லை. அதனால் பலனை அளந்து பார்க்க வேண்டும். மார்ஷல் கோல்ட்ஸ்மித் என்ற அமெரிக்க கோச்சின் முறை இதற்கு நல்ல உதாரணம். மேனேஜர் மாறினாரா என்று மேனேஜரைக் கேட்க மாட்டார், கூட வேலை செய்பவர்களைக் கேட்பார். அவர்கள் இல்லை என்றால் ஃபீஸும் இல்லை. இன்னொரு நிபந்தனை ரகசியம். அறைக்குள் பேசியது ஹெச்.ஆர். ஃபைலுக்குப் போகும் என்று தெரிந்தால், எந்த மேனேஜரும் மனம் திறக்க மாட்டார், நடிப்பார். வேலையை விட்டு அனுப்பும் முன் கடைசிச் சடங்காக கோச்சிடம் அனுப்புவதும் அப்படித்தான், காசுக்குத்தான் தண்டம்.

கம்பெனிகள் செய்யும் பெரிய தவறு, இதை சி.இ.ஓ.வுக்குத் தரும் சலுகையாகவே வைத்திருப்பது. நேற்றுவரை பக்கத்து சீட்டில் இருந்தவர் இன்று எட்டுப் பேருக்கு டீம் லீடர். கணக்கு நன்றாகப் போட்டார் என்பதற்காகக் கிடைத்த பதவி அது. ஆட்களை நடத்த யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அந்த முதல் வருடத்தில் ஒட்டிக்கொள்ளும் பழக்கம்தான் அவர் ரிட்டயர் ஆகும்வரை கூடவே வரும். அதன் விலையைக் கொடுப்பது அவர் இல்லை, அந்த எட்டுப் பேர். கோச்சுக்கு ஒதுக்க கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால், அது முதலில் போக வேண்டிய இடம் அந்த டீம் லீடரின் மேஜைதான்.