அரை மில்லிமீட்டர்

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வீசும் கடற்காற்று நமக்கு இதமானது; பழைய ஜீப்பின் பிரேக் குழாய்க்கோ அது சத்துரு. உப்பு படிந்து குழாய் துருவேறும். அதன் முனையிலுள்ள நட்டும் இறுகிப் போகும். அதைச் சாதாரண ஸ்பானரால் திருகினால் மூலைகள் மழுங்கிவிடும். எண்ணெயில் ஊறவிட்டு, நட்டைச் சுற்றிக் கவ்வும் குழாய் ஸ்பானரை உபயோகித்தல் நலம்.

ஆனால் நேயர்களுக்கு நாம் முக்கியமாக எச்சரிக்க விரும்புவது வேறு. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வம்சத்து வண்டிகளில் இருப்பது அங்குல மரை: 3/8 அங்குல நட்டு, அங்குலத்துக்கு 24 மரை. பழைய மாஸ்டர் சிலிண்டர் கெட்டு, புதுப்பேட்டையில் பிற்கால வண்டியொன்றின் சிலிண்டரை வாங்கிப் பூட்டினால், அதன் துளை 10 மில்லிமீட்டராக இருக்கக்கூடும். இரண்டுக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. மரையின் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே சின்ன நட்டு பெரிய துளையில் சாதுவாக ஏறிவிடும். பெடலை ஓங்கி மிதிக்கும் வேளையில் மரை வழுக்கினால் என்னாவது? பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஓரிடத்தில் பீறிட்டால் நான்கிலும் பிரேக் போய்விடும்.

கசிந்தால் மரையில் நாடா சுற்றுவோர் உண்டு, பயனில்லை. எண்ணெயைத் தடுப்பது மரையன்று. குழாயின் விரிந்த வாய் தன் இருக்கையில் படிந்து பொருந்துவதே. எனவே நட்டையும் துளையையும் அளந்து வாங்குங்கள். விரலால் திருகும்போதே நட்டு ஆடினால், அதை ஒதுக்கிவிடுங்கள். குழந்தைகள் ஏறும் வண்டியில், 'கிட்டத்தட்டப் பொருந்துகிறது' என்ற பேச்சுக்கே இடமில்லை.