தோப்புக் காவல் நாய்க்கு ஒரு ரிமோட் கார்

சென்ற பெருநாள் விடுமுறையில் தென்னந்தோப்புக்குப் போய்த் திரும்பும் வழியில் நம் வீட்டுச் சிறுவன் ஒரு கேள்வி கேட்டான். "அத்தா, நம்ம நாய் துரத்தி விளையாட ஒரு ரிமோட் கார் வாங்கிக் கொடுப்போமா?" வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "பிள்ளைகளுக்கு வாங்குவதே வீண் செலவு, இதில் நாய்க்கு வேறா?" என்றார் பெரியத்தா. பேச்சு அத்தோடு நின்றது. கேள்வி நிற்கவில்லை. பகல் முழுவதும் ஆறடிச் சங்கிலியில் கிடந்து, சுற்றிச் சுற்றி மண்ணில் வட்டமாகத் தடம் போட்டிருந்த அந்தச் சிப்பிப்பாறை நாயை அன்று நாம் அனைவருமே பார்த்திருந்தோம்.

பெரியத்தாவின் ஆட்சேபத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. வீண்விரயம் நம் மார்க்கம் கண்டிக்கும் செயல். வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகிய தேவைகளுக்கன்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலி நாள்தோறும் குறைகிறது என்னும் நபிமொழியும் நம் குடும்பங்கள் அறிந்ததே. ஆகவே பொழுதுபோக்குக்காக நாய் வாங்கி, அதற்கு விளையாட்டுப் பொருளும் வாங்குவோருக்காக நாம் இதை எழுதவில்லை. தோப்புக்கும் ஆட்டுப் பட்டிக்கும் காவலாக, அனுமதிக்கப்பட்ட தேவைக்காக நாய் வளர்க்கும் குடும்பங்களுக்காகவே எழுதுகிறோம். நம் கருத்து இதுதான்: ஓர் உயிரைக் கட்டி வைத்து வேலை வாங்குபவர், அது ஓடுவதற்கும் வழி செய்யக் கடமைப்பட்டவர். ரிமோட் கார் அதற்கு ஒரு கருவியாகலாம். நம் வேடிக்கைக்காக வாங்கினால் அது வீண். நாயின் தேவையை அறிந்து வாங்கினால் அது வீணாகாது.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவருக்குப் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்ட செய்தியையும் சொல்கிறோம். இரண்டாவது செய்தியில் நமக்கொரு பாடம் உண்டு. தன்னிச்சையாகத் திரியும் பூனையின் பசிக்கு அவள் பொறுப்பாளி அல்லள். அடைத்து வைத்த கணத்திலேயே அந்தப் பொறுப்பு அவள்மீது வந்து சேர்ந்தது. சங்கிலியை மாட்டிய கைக்கும் அதே பொறுப்பு உண்டு.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாட்டு நாய்கள் கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கும் வேட்டை இனங்கள். ஒட்டிய வயிறும் ஆழ்ந்த மார்பும் நீண்ட கால்களும் ஓடுவதற்கென்றே அமைந்தவை. முன்னாளில் அவை முயல் விரட்டின. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ண திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் அனுமதிக்கிறது. ஆயினும் நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். வேலை போய்விட்டது, வேகம் மட்டும் உடம்பில் தங்கிவிட்டது. ஓட வழியில்லாத அந்த வேகம் ஓயாத குரைப்பாகவும், குழி தோண்டலாகவும், ஒருநாள் சங்கிலி அறுந்தால் ஆபத்தாகவும் வெளிப்படக்கூடும்.

உயிருள்ள ஒன்றின் இடத்தில் பொறியை வைப்பது புதிய சிந்தனையும் அன்று. இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டின் சட்டம் முயலை விரட்டும் நாய்ப் போட்டிகளைத் தடை செய்தது. கயிற்றில் கட்டிய துணியையோ பிளாஸ்டிக் பையையோ மோட்டார் இழுக்க, அதை நாய்கள் துரத்தும் விளையாட்டு அங்கும் அமெரிக்காவிலும் நடக்கிறது. கத்தாரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஒட்டகப் பந்தயங்களில் தெற்காசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர்களை ஏற்றி ஓட்டிய கொடுமை 2005ஆம் ஆண்டு வாக்கில் தடை செய்யப்பட்டு, ரிமோட்டில் இயங்கும் சிறு பொறிகள் ஒட்டகத்தின் முதுகில் ஏறின. ஓர் உயிரின் துன்பத்தை ஒரு பொறி நீக்குமானால் அதை விளையாட்டுச் சாமான் என்று இகழ வேண்டியதில்லை.

இனி, எதை வாங்குவது? நாம் முதலில் தவறாகவே வாங்கினோம். கடைத்தெருவில் கிடைத்த மலிவான சிறு கார் அது. பத்து நிமிடத்தில் நாய் அதைப் பிடித்தது, மேலுறை நொறுங்கியது, கழன்ற சக்கரம் அதன் வாயில் இருந்தது. விழுங்கும் முன் பிடுங்கிவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். விழுங்கியிருந்தால் குடல் அடைத்து அறுவை சிகிச்சைவரை போயிருக்கும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அளவு. நாயின் வாய்க்குள் அடங்காததாக, உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ளதாக இருப்பது நல்லது. மண்ணில் ஓடப் பெரிய ரப்பர் சக்கரங்கள் வேண்டும். மேலுறை வளைந்து கொடுக்க வேண்டும்; நொறுங்கும் பிளாஸ்டிக் வாயைக் கிழிக்கும். கண்ணைக் குத்தும் நீண்ட ஆன்டெனா கூடாது. பேட்டரி அறை திருகாணியால் மூடப்பட்டிருக்க வேண்டும். லித்தியம் பேட்டரியில் பல் இறங்கினால் தீப்பிடிக்கலாம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை அதைவிடப் பாதுகாப்பானது. தொடர்பு அறுந்தால் தானாக நின்றுவிடும் வசதி இருக்கிறதா என்றும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது வேகம். இந்த இன நாய்களின் முழு வேகத்தை எட்டும் கார் விலை அதிகம். அதற்கு அவசியமும் இல்லை. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பொருள் அந்த வேகத்தில் மோதினால் நாயின் காலும் முறியும், குழந்தையின் காலும் முறியும். நடுத்தர வேகத்தில் ஓடிச் சட்டெனத் திரும்பும் காரே போதும். முயலும் திரும்பித்தானே தப்புகிறது!

மூன்றாவதை எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறோம். நாய் காரைத் துரத்தக் கூடாது. காருக்குப் பின்னால் இழுபடும் துணியைத் துரத்த வேண்டும். இரண்டு மீட்டர் கயிற்றின் முனையில் பழைய துணிப் பொதியைக் கட்டுங்கள். சக்கரத்தைத் துரத்தப் பழகிய நாய் நாளை சாலையில் மோட்டார் சைக்கிளைத் துரத்தும். அதிலிருந்து விழுபவர் நம் அண்டை வீட்டாராக இருப்பார். அண்டை வீட்டாரின் உரிமை குறித்து நமக்கு இடப்பட்ட கட்டளை சிறியதன்று. ஆகவே விளையாட்டு வேலிக்குள் மட்டுமே நடக்கட்டும். தொடங்கவும் முடிக்கவும் ஒரே சொல்லைப் பழக்குங்கள். உங்கள் நாய் ஏற்கெனவே வண்டிகளைத் துரத்துவதாக இருந்தால் அதற்கு ரிமோட் கார் வேண்டவே வேண்டாம்.

துணி கட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் நம் குடும்பங்களில் நாயின் எச்சில் பட்ட பொருளை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்து, கழுவ வேண்டும். மின்சுற்று உள்ள காரை ஏழு முறை கழுவினால் எட்டாம் முறை ஓடாது! நாயின் வாய் துணியோடு நிற்கட்டும். காரும் ரிமோட்டும் தோப்புக் கொட்டகையிலேயே இருக்கட்டும். வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். ஐயம் எழுந்தால் உங்கள் மத்ஹபின் ஆலிமைக் கேட்டுத் தெளியுங்கள்.

விளையாடும் முறையிலும் கருணை வேண்டும். முதல் நாள் காரை ஓட்டாமல் வைத்து நாயை முகர விடுங்கள். பிறகு மெதுவாக ஓட்டுங்கள். கார் எப்போதும் நாயை விட்டு விலகியே ஓட வேண்டும். நாயை நோக்கி ஓட்டி அச்சுறுத்துவது கொடுமை. ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் நாய் துணியைப் பிடித்தாக வேண்டும். பிடிக்கவே முடியாததைத் துரத்தும் நாய் மனம் குலையும். லேசர் ஒளியைக் காட்டி ஆட்டம் காட்டப்பட்ட நாய்கள் நிழலையும் ஒளியையும் தேடி அலைவது இதனால்தான். ஃபஜ்ருக்குப் பின்போ அஸர் கடந்து வெயில் தணிந்த பின்போ ஓட விடுங்கள். இந்த இனம் குறுகிய தூர ஓட்டக்காரன். சில நிமிடங்களே போதும். உண்ட உடனே ஓட விட்டால், ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரு வயது நிரம்பாத குட்டியை வேகமாகத் திரும்பி ஓட வைத்தால் வளரும் எலும்பு கெடும். ரிமோட் சிறுவன் கையில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருந்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கார் கடைசிச் செலவு. முதற்செலவு வெறிநாய்க்கடித் தடுப்பூசி. அடுத்தது வேலி, வேலிக்கு வசதி இல்லையென்றால் இரண்டு மரங்களுக்கிடையே கம்பி கட்டி, சங்கிலி அதில் ஓடும்படி வளையம் மாட்டலாம். அதற்கடுத்து ஒரு மூங்கில் கழி, கயிறு, துணி; கழியைச் சுழற்றினால் காரின் வேலையில் பெரும்பகுதி செலவின்றி நடந்துவிடும். வாரம் ஒருமுறை கார் ஓட்டிவிட்டு, மற்ற ஆறு நாளும் ஆறடிச் சங்கிலியில் போடுவோமானால் பெரியத்தா சொன்னதே சரி. அது வீண் செலவுதான்.

நம் தோப்பில் இப்போது கம்பி கட்டியாகிவிட்டது. நாள்தோறும் தோப்புக்காரர் கழியைச் சுழற்றுகிறார். விடுமுறையில் சிறுவன் கார் ஓட்டுகிறான். பெரியத்தா இன்னும் அதை வீண் செலவு என்றே சொல்கிறார். ஆனால் துணிப் பொதி கிழிந்துபோனால் வேறு துணி தேடிக் கட்டுபவரும் அவர்தான். நம் பொறுப்பில் விடப்பட்ட வாயில்லா உயிர்களைக் குறித்து நாம் விசாரிக்கப்படுவோம் என்பதை நினைவில் வைத்துச் செலவு செய்வோம். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.